பகலில் குமாஸ்தா, இரவில் கேப்டன் பாயில்

[திரையில்: டப்ளின் நகரின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்]

வணக்கம். அயர்லாந்தின் டப்ளினில் வில்லியம் ஷீல்ட்ஸ் என்றொரு அரசாங்க குமாஸ்தா இருந்தார். 1888இல் பிறந்தவர். பகல் முழுக்க அலுவலகக் கோப்புகள். மாலையானால் அபே நாடக அரங்கின் ஒப்பனை அறை. நடிப்பது மேலதிகாரிகளுக்குத் தெரிந்தால் வேலைக்குச் சிக்கல் வரலாம் என்று மேடைக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்: பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட். உலகம் அறிந்தது அந்தப் பெயரைத்தான்.

[திரையில்: அபே அரங்கின் முகப்பு]

1904இல் கவிஞர் யேட்ஸும் லேடி கிரெகரியும் தொடங்கிய அரங்கம் அது. அங்கே 1924இல் ஷான் ஓகேசியின் 'ஜூனோ அண்ட் த பேகாக்' அரங்கேறியது. பாரிக்குக் கேப்டன் பாயில் வேடம். வேலை ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னதுமே பாயிலுக்குக் கால் வலி வந்துவிடும். நிலக்கரிக் கப்பலில் லிவர்பூல்வரை போய்வந்ததுதான் அவருடைய கடல் அனுபவம். அதற்குள் 'கேப்டன்' பட்டம்! வீட்டைப் பட்டினி போடும் இந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரித்துவிட்டோமே என்று பிறகு மனம் கனக்கிறது. அந்த இரண்டையும் ஒரே உடம்பில் கொண்டுவருவதுதான் பாரியின் கலை. என் கணக்கில் அவருடைய மகுடம் இந்த வேடம்தான், ஆஸ்கர் அல்ல.

1926இல் ஓகேசியின் அடுத்த நாடகம், 'த பிளவ் அண்ட் த ஸ்டார்ஸ்'. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் வெடித்த 1916 ஈஸ்டர் எழுச்சியை அது காட்டிய விதம் பொறுக்காமல் பார்வையாளர்கள் கொதித்தெழுந்து மேடைமீதே ஏறிவிட்டார்கள். அரங்கில் கைகலப்பு. யேட்ஸ் மேடைக்கு வந்து கூட்டத்தைக் கண்டித்தார்.

பாரியின் தம்பி ஆர்தர் ஷீல்ட்ஸும் அபே நடிகர்தான். அதே எழுச்சியில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டு, வேல்ஸில் ஃபிராங்கோக் முகாமில் சிறைவைக்கப்பட்டவர். 1936இல் ஜான் ஃபோர்டு அந்த நாடகத்தைப் படமாக்கியபோது, எழுச்சித் தலைவர் பாட்ரிக் பியர்ஸாக நடித்தவர் இந்த ஆர்தரே. தாம் பின்பற்றிப் போரிட்ட தலைவரின் வேடத்தை இருபது ஆண்டுகள் கழித்துத் தாமே ஏற்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்!

[திரையில்: ஹாலிவுட், 1940கள்]

பாரி அரசு வேலையை விட்டு முழுநேர நடிகரானது 1929இல், வயது 41. ஃபோர்டின் அந்தப் படம்தான் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்துப்போனது. 1944இல் 'கோயிங் மை வே'. வயதான கத்தோலிக்கப் பாதிரியார் வேடம். பாரியோ புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளை. அந்த ஒரே வேடத்துக்காகச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் என்ற இரு பிரிவுகளிலும் அவர் பெயர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. துணை நடிகர் விருது கிடைத்தது. பிறகு அகாதெமி விதியை மாற்றிவிட்டது. ஆகவே அந்தப் பெருமை இன்றுவரை அவர் ஒருவருக்கே. போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் சிலை பிளாஸ்டரில் செய்யப்பட்டிருந்தது. வீட்டில் கோல்ஃப் பயிற்சி செய்தபோது மட்டை பட்டு அதன் தலை உடைந்துபோனது.

1961 ஜனவரியில் பாரி டப்ளினிலேயே காலமானார்.

[திரையில்: கிராமத்து ரயில் நிலையம்]

அவரைப் பார்த்ததே இல்லை என்றால் 1952இல் வந்த 'த க்வையட் மேன்' படத்தில் தொடங்குங்கள். அண்ணன், தம்பி இருவருமே அதில் உண்டு. ரயிலிலிருந்து இறங்கிய ஜான் வெயின் ஊருக்கு வழி கேட்கிறார். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு பேச்சாக வாதாடுகிறார்கள். குள்ளமான குதிரைவண்டிக்காரர் ஒருவர் வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பாட்டுக்கு நடக்கிறார். அவர்தான் பாரி.