தோற்றவர் திரும்பி வர முடியுமா?

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

அண்டை நாடுகளில் பல கட்சி ஜனநாயகம் படும் பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எல்லா நாடுகளையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்ல எனக்கு விருப்பமில்லை. வங்கதேசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1990 டிசம்பரில் ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத் பதவி விலகினார். பரம வைரிகளான இரு கட்சிகள், ஷேக் ஹசீனாவின் அவாமி லீக்கும் காலிதா ஜியாவின் பி.என்.பி.யும் (வங்கதேச தேசியக் கட்சி), அன்று ஒரே கோரிக்கைக்காக வீதியில் நின்றன. 1991இல் நடந்த தேர்தலில் பி.என்.பி. வென்றது, காலிதா ஜியா பிரதமரானார். மூன்றே ஆண்டுகளில் மாகுரா தொகுதி இடைத்தேர்தலில் முறைகேடு என்று புகார் கிளம்பியது. ஆளுங்கட்சி நடத்தும் தேர்தலை இனி நம்ப மாட்டோம் என்றன எதிர்க்கட்சிகள். 1996 பிப்ரவரி தேர்தலை அவை புறக்கணித்தன. அப்படி அமைந்த நாடாளுமன்றம் சில நாட்களே நீடித்தது. ஆனால், கலையும் முன் ஓர் அரிய ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் போனது. அதுதான் காபந்து அரசு. கடைசியாக ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி தலைமையில் கட்சி சாராத அரசு அமையும். 90 நாட்களில் தேர்தல் நடக்கும்.

அந்த ஏற்பாடு பலித்தது, நண்பர்களே! 1996 ஜூனில் அவாமி லீக் வென்றது, 2001இல் பி.என்.பி. வென்றது. தோற்றவர்கள் புகார் சொன்னார்கள், ஆனாலும் அடுத்த தேர்தலுக்குக் காத்திருந்தார்கள்.

பிறகு நடுவரையே வளைக்கப் பார்த்தார்கள். 2004இல் பி.என்.பி. அரசு நீதிபதிகளின் ஓய்வு வயதை 65இலிருந்து 67ஆக உயர்த்தியது. தனக்கு வேண்டியவர் காபந்து அரசின் தலைவராக வரத்தான் இந்தக் கணக்கு என்று எதிர்க்கட்சி கொதித்தது. தெருக்களில் ரத்தம் சிந்தியது. 2007 ஜனவரியில் நெருக்கடி நிலை வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ராணுவத்தின் பின்பலத்தோடு ஆட்சி நடந்தது.

2008 இறுதியில் வென்ற ஷேக் ஹசீனா, 2011இல் காபந்து அரசு ஏற்பாட்டையே நீக்கினார். ஒரு காலத்தில் அதற்காகப் போராடியதே அவருடைய கட்சிதான். 2014 தேர்தலை பி.என்.பி. புறக்கணித்தது. 300 தொகுதிகளில் 153இல் போட்டியே இல்லை. பாதிக்கு மேற்பட்ட தொகுதிகளில் வாக்காளருக்கு வேலையே இருக்கவில்லை!

நாடாளுமன்றத்துக்குள்ளும் வாய் திறக்க வழியில்லை. அரசமைப்பின் 70ஆவது பிரிவுப்படி, சொந்தக் கட்சிக்கு எதிராக வாக்களிக்கும் உறுப்பினர் பதவி இழப்பார். நம் கட்சித்தாவல் தடைச் சட்டமும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

வாக்குச்சாவடியும் சபையும் அடைபட்டால், எஞ்சுவது தெருதான். 2024 ஜூலையில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் சில வாரங்களில் 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலகம். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. ஆகஸ்ட் 5 அன்று ஹசீனா இந்தியாவுக்கு வந்துவிட்டார்.

அதன் பின் அமைந்த இடைக்கால அரசு, 2025 மே மாதம் அவாமி லீக்கின் செயல்பாடுகளைத் தடைசெய்தது. துப்பாக்கிச் சூட்டுக்கு ஆணையிட்டவர்கள் நீதிமன்றத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால், அந்தக் கட்சிக்கு வாக்களித்து வந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. 2014இல் பி.என்.பி. ஆதரவாளர் வாக்களிக்க வழியின்றி நின்றது தவறென்றால், இன்று இவர்கள் அப்படி நிற்பதும் தவறுதான்.

நன்றி, வணக்கம்.