ரானடேயின் வீட்டுப் பள்ளிக்கூடம்
(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, தம் அலுவல்களுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, இந்த ஊரில் மூன்று தலைமுறையினருக்கு எழுத்தறிவித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலிகளை அடுக்கியது முதல் ஒலிபெருக்கி கட்டியது வரை அனைத்தையும் தாமே செய்து முடித்த வாசகர் வட்டத்து இளைஞர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நகர்மன்றத் தலைவர் அம்மையார் இறுதிவரை இருந்து கேட்பதாக மேடையிலேயே உறுதி அளித்திருக்கிறார்கள். அதற்குத் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், ஏனெனில் என் உரையின் பிற்பகுதி அவர்களை நோக்கியது.

மகாராஷ்டிரத்துச் சமூகச் சீர்திருத்தவாதி, நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயின் வாழ்க்கை, அவர் வீட்டிற்குள் நடந்த பாடம், அதிலிருந்து இந்த ஊர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஆகிய மூன்றையும் பற்றிப் பேச எண்ணி வந்திருக்கிறேன். அவருடைய அறுபதாண்டுக்கும் குறைவான வாழ்வைச் சுருக்கிச் சொல்ல நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

1842ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், நாசிக் மாவட்டத்து நிபாட் என்னும் ஊரில் பிறந்த ரானடே, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராக வெளிவந்தார். கண்கள் கெடும் அளவுக்குப் படித்தவர். அரசு நீதித்துறையில் சேர்ந்து புணேயில் பல ஆண்டுகள் பணியாற்றி, 1893இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியானார். அரசுப் பணியில் இருந்துகொண்டே மக்களின் குறைகளை அரசிடம் எடுத்துரைத்த புணே சார்வஜனிக் சபைக்கு அறிவுத் துணையாக நின்றார். சமயச் சீர்திருத்த அமைப்பான பிரார்த்தனா சமாஜத்தில் ஒரே கடவுள் வழிபாட்டை எடுத்துரைத்தார். கைம்பெண் மறுமண இயக்கத்திலும் முன்னின்றார். கோபால கிருஷ்ண கோகலே இவரைத் தம் குருவாகக் கொண்டார் என்பது நீங்கள் அறிந்ததே.

நம்மவர்கள் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. ரானடே உயிராக வளர்த்த இந்தியத் தேசிய சமூக மாநாடு முதன்முதலில் கூடிய இடம் சென்னை. 1887 டிசம்பரில், காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபோது, அதையொட்டி, திருவிதாங்கூர் முன்னாள் திவான் சர் டி. மாதவராவ் தலைமையில் அது நடந்தது. குழந்தை மணத்தையும் கைம்பெண் கொடுமையையும் பேசுவதற்கு நாடு தழுவிய மேடை ஒன்று நம் மண்ணில்தான் அமைந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1895இல், புணேயில் காங்கிரஸ் பந்தலில் அந்த மாநாட்டை நடத்தக் கூடாது என்று கடும் எதிர்ப்பு எழுந்தபோது, ரானடே சண்டைக்கு நிற்கவில்லை. வேறிடத்தில் மாநாட்டை நடத்திக் காட்டினார். அரசை எதிர்ப்பவனைவிடச் சமூகத்தை எதிர்ப்பவனுக்குத்தான் கூடுதல் துணிவு வேண்டும் என்று, ரானடேயின் 101ஆவது பிறந்தநாளில் புணேயில் பேசிய அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டியதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, அவர் வீட்டிற்குள் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். 1873இல் ரானடேயின் முதல் மனைவி காலமானார். அப்போது ரானடேக்கு வயது 31. கைம்பெண் மறுமணத்தைப் பேசியும் எழுதியும் வந்தவர் தாமே ஒரு கைம்பெண்ணை மணந்து வழிகாட்டுவார் என்று நண்பர்கள் காத்திருந்தார்கள். அவருடைய தந்தையாருக்கோ அதுவே பேரச்சமாக இருந்தது. மகனை முந்திக்கொண்டு பெண் பார்த்து, அந்த ஆண்டு முடிவதற்குள் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியை மணமுடித்து வைத்தார். ரானடே மறுத்துப் பார்த்தார், வேண்டிப் பார்த்தார், இறுதியில் தந்தை சொல்லுக்குப் பணிந்தார். ஊர் ஏசியது, சீர்திருத்த நண்பர்களும் ஏசினார்கள். அந்த ஏச்சு நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். அந்த இடத்தில் அவர் தவறினார் என்பதை மறைத்து அவரைப் போற்றுவது அவருக்கே மரியாதை ஆகாது.

ஆனால் அதன்பிறகு அவர் செய்ததைப் பாருங்கள். அந்தச் சிறுமிக்கு எழுத்துத் தெரியாது. பெண் படித்தால் குடும்பத்திற்குக் கேடு என்று நம்பிய வீட்டிலிருந்து வந்தவள். பகலெல்லாம் நீதிமன்றத்தில் வழக்குகளைக் கேட்டுவிட்டு வரும் அந்த நீதிபதி, இரவில் அவளை உட்காரவைத்து, மராத்தி எழுத்துகளைத் தாமே கற்றுக்கொடுத்தார். வீட்டிலிருந்த மூத்த பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. ஆண்கள் ஆயிரம் சொல்வார்கள், நீ ஏன் கேட்கிறாய் என்று கடிந்தார்கள். அவள் வாய்விட்டு வாசித்தால் கேலி பேசினார்கள். மகாராஷ்டிரத்தில் மட்டுமா, நம் வீடுகளில் இந்தக் குரல்கள் கேட்டதில்லையா? கேட்டுக் கேட்டுப் புத்தகத்தை மூடிவைத்த நம் பாட்டிமார் எத்தனை பேர்! அந்தச் சிறுமி மூடவில்லை. பகலில் அடுப்படி வேலையும் பெரியவர்களின் ஏச்சும், இரவில் பாடம் என்று ஆண்டுகள் கடந்தன. மராத்தி வந்தது, பிறகு ஆங்கிலமும் வந்தது. கண் மங்கிய கணவருக்குச் செய்தித்தாள்களையும் நூல்களையும் வாசித்துக் காட்டும் அளவுக்குத் தேர்ந்தாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நான் சொன்னது இதைத்தான்.

அந்தச் சிறுமியே பின்னாளில் ரமாபாய் ரானடே என்று நாடறிந்த அம்மையார். கணவர் 1901 ஜனவரியில் மறைந்த பின் வீட்டில் முடங்கிவிடாமல், 1909இல் புணே சேவா சதனை நிறுவி, கைம்பெண்களும் மணமான பெண்களும் கல்வியும் தொழிலும் கற்க வழி செய்தார். தம் வாழ்க்கை நினைவுகளை மராத்தியில் எழுதிவைத்தார்.

ரானடேயின் தாராளச் சிந்தனையின் சாரமும் இந்த இரவுப் பாடத்திலேயே இருக்கிறது. சீர்திருத்தத்திற்கு நான்கு வழிகள் உண்டு என்று அவர் பகுத்தார்: பழைய நூல்களிலிருந்தே ஆதாரம் காட்டுவது, மனச்சான்றைத் தட்டி எழுப்புவது, சட்டம் இயற்றுவது, சமூகத்திலிருந்து முற்றிலும் பிரிந்து போவது. கடைசி வழியை அவர் விரும்பவில்லை. ஆனால் பழைமைக்கு அஞ்சிச் சட்டத்தைத் தள்ளவும் இல்லை. பெண்ணின் சம்மத வயதை, அதாவது தாம்பத்திய உறவுக்கான குறைந்த அளவு வயதை, பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். அன்று அதற்கு எழுந்த எதிர்ப்பை எண்ணினால், பெண்ணின் திருமண வயது 18 என்று இன்று சட்டம் சொல்வது எத்தனை பேருடைய எத்தனை அடிகளின் பயன் என்பது விளங்கும்.

அவருடைய பொருளாதாரக் கருத்துகள் தனிக் கூட்டத்திற்கு உரியவை. இந்தியாவுக்கு இந்திய நிலைமைக்கேற்ற பொருளியல் வேண்டும், உழவை மட்டும் நம்பியிராமல் தொழில் பெருக வேண்டும் என்று 1892இலேயே அவர் புணேயில் வாதிட்டார் என்று சொல்லி, விரிவஞ்சி மேலே செல்கிறேன். நான் வந்த காரியம் வேறு.

நம் தமிழ்நாட்டிலும் இதே பணியைச் செய்தவர்கள் உண்டு. பிள்ளைப் பருவத்திலேயே கைம்பெண்ணாகி, 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, இளங்கைம்பெண்களைத் திரட்டிக் கற்பித்தார். திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் கட்டடம் அவர்களுக்குப் பின்னர் இல்லமாயிற்று. பொது நூலகச் சட்டத்தை 1948இல், விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலாவதாக, இயற்றியதும் நம் மாகாணமே. சொத்து வரியோடு நூலக வரியும் இன்றுவரை செலுத்தி வருகிறோம். அப்படியிருக்க, படிப்பைப் பாதியில் விட்டு மணமாகிப் போன பெண்களுள் எத்தனை பேர் இந்த நூலகத்தின் வாசற்படியை மிதிக்கிறார்கள்? காலையில் சமையலும் பிள்ளைகளும், மாலையில் மறுபடியும் அவையே. அவர்களுக்கு ஓய்வு கிடைப்பதே பிற்பகலில்தான். ரானடேயின் வீட்டில் கணவரே ஆசிரியராக அமைந்தார். எல்லா வீட்டிலும் அப்படி அமையாது. வீடு கொடுக்காததை ஊர் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஆகவே மாவட்ட நூலக அலுவலர் அவர்களிடமும் நகர்மன்றத் தலைவர் அம்மையாரிடமும் இந்த மேடையிலேயே கேட்கிறேன். இந்தக் கிளை நூலகத்தின் பின்னறை பழைய இதழ்க் கட்டுகளால் நிரம்பிக் கிடக்கிறது. அதை ஒழித்துத் தந்து, வார நாள்களில் பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, பள்ளிப் படிப்பை விட்ட பெண்களுக்கென்று திறந்து வையுங்கள். எழுத்துக் கூட்டுவதிலிருந்து பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு வரை கற்பிக்க, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயாவும் வேறு சில ஆசிரியர்களும் ஊதியமின்றி வர இசைந்திருக்கிறார்கள். உடன் வரும் சிறு குழந்தைகளுக்குப் பாயும் படப் புத்தகங்களும் வாசகர் வட்டம் தரும். முதல் மனுவுக்கு இடமில்லை என்று பதில் வரலாம். இரண்டாவது மனு எழுதுவோம், மூன்றாவதும் எழுதுவோம். அம்மியை நகர்த்தும் வழி அது ஒன்றுதான்.

மனுவின் நகல் வாசலருகே மேசைமேல் இருக்கிறது. கையெழுத்திட வரும் ஆண்கள், தம் வீட்டில் படிப்பை விட்ட பெண் ஒருவரின் பெயரையும், அவரிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த பக்கத்தில் எழுதித் தாருங்கள். வகுப்பில் முதல் நாள் அமரப்போகிறவர்களின் பட்டியலோடுதான் அம்மனுவை நகர்மன்றத்தில் சேர்க்க இருக்கிறோம். வாய்ப்பளித்த அவைத் தலைவர் அவர்களுக்கு நன்றி. வணக்கம்.