சோர்வு நோய் வழிகாட்டுதல்: சுகாதாரத்துறை ஆவணங்களைக் கேட்டு வாங்குறது எப்படி?

வணக்கம். தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்துல இருக்குற சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அவங்க பொண்ணுக்கு நாலு வருஷமா குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம், எம்.இ.ன்னும் சொல்ற தீராத சோர்வு நோய். கிளினிக்ல, "தினமும் நடையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போங்க, சரியாயிடும்"னு சொல்லியிருக்காங்க. நடந்தா மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ பொண்ணு எழுந்திருக்கவே மாட்டேங்குது. இங்கிலாந்துல இந்த யோசனையைக் கைவிட்டுட்டாங்கன்னு படிச்சேன், நம்ம சுகாதாரத்துறை அதைப் பத்திப் பேசியிருக்காங்களா, பேசியிருந்தா அந்த ஆவணத்தை எப்படி வாங்குறது, பொண்ணால உட்கார்ந்து எழுத முடியாது, நான் எழுதலாமா? இதுதான் கேள்வி.

அம்மா, நீங்க படிச்சது சரி. இங்கிலாந்துல நைஸ்னு, சிகிச்சை வழிகாட்டுதல் போடுற ஒரு அமைப்பு இருக்கு. அவங்க 2007ல போட்ட வழிகாட்டுதல்ல, உடற்பயிற்சியைப் படிப்படியா கூட்டுறதை ஒரு சிகிச்சையாவே சொல்லியிருந்தாங்க. 2021 அக்டோபர் 29ல வந்த புதுசு, என்.ஜி.206, அதை எடுத்துட்டுது. அமெரிக்காவுல சி.டி.சி.ங்கிற நோய்த் தடுப்பு அமைப்பு 2017லயே தன் இணையப் பக்கத்துல இருந்து அந்த ஆலோசனையை நீக்கிடுச்சு. காரணம் உங்க பொண்ணுக்கு நடக்குறதேதான். உழைப்புக்கு அப்புறம் ஒரு நாள், ரெண்டு நாள் தள்ளி உடம்பு விழுந்துடுது. அது சோம்பல் இல்ல, இந்த நோயோட அடையாளமே அதுதான்.

ஆனா நைஸ் சொன்னது தென்னாப்பிரிக்காவைக் கட்டுப்படுத்தாது. இங்க அரசு கிளினிக்கும் ஆஸ்பத்திரியும் பார்த்து நடக்குறது ஸ்டாண்டர்ட் ட்ரீட்மெண்ட் கைட்லைன்ஸ். 1996ல இருந்து வருது. ஆரம்ப சுகாதாரத்துக்கு ஒரு புத்தகம், ஆஸ்பத்திரியில பெரியவங்களுக்கு ஒண்ணு, குழந்தைகளுக்கு ஒண்ணு. இதுல என்ன சேரணும், என்ன போகணும்னு முடிவு பண்றது தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல் கமிட்டி. அமைச்சர் நியமிக்கிறது. அதுக்குக் கீழ ஒவ்வொரு நிலைக்கும் நிபுணர் குழு. அத்தியாயம் அத்தியாயமா திருத்துவாங்க, வரைவைக் கருத்துக் கேட்க அனுப்புவாங்க, கமிட்டி அறிக்கைகளையும் வெளியிடுவாங்க. அதனால ஆவணம் கேட்குற மனு ஃபார்மைத் தொடுறதுக்கு முன்னாடி, துறையோட இணையதளத்துல இப்போ இருக்குற புத்தகத்தையும் அந்த அறிக்கைகளையும் இறக்கி, நோயோட பேரைத் தேடிப் பாருங்க. ஏற்கெனவே வெளியான பேப்பருக்கு மனு போட்டா ஒரு மாசம் வீண்.

நிறைய பேர் மனுவை ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடுறாங்க. ஆஸ்பத்திரி மாகாணத்தோடது, குவாசுலு-நடால் சுகாதாரத்துறைக்குக் கீழ வரும். வழிகாட்டுதல் உருவாகுறது தேசியத் துறையில, பிரிட்டோரியாவுல. அங்க தகவல் அதிகாரிங்கிறது டைரக்டர் ஜெனரல்தான். துணைத் தகவல் அதிகாரியோட இமெயில், துறை வெளியிட்டிருக்குற கையேட்டுல இருக்கும். தப்பான இடத்துக்குப் போயிட்டாலும், ஆவணம் வேற அரசு அமைப்புகிட்ட இருந்தா 14 நாளுக்குள்ள அங்க மாத்தி அனுப்பணும்னு சட்டம் சொல்லுது. ஆனா அதை நம்பி உட்காராதீங்க. சரியான இடத்துக்கே அனுப்புங்க.

சட்டம் எதுன்னா, 2000ஆம் வருஷத்து 2ஆம் எண் சட்டம், பையான்னு (PAIA) சொல்றோமே, தகவல் கேட்டு வாங்குற சட்டம், அது. அரசியல் சட்டம் 32ஆம் பிரிவுல இருக்குற உரிமையை நடைமுறைக்குக் கொண்டு வர்றதுக்காக வந்தது. இதுல ஒண்ணை மட்டும் மனசுல பதிய வச்சுக்கங்க. இந்தச் சட்டம் கையில இருக்குற ஆவணத்தைத்தான் தரும், கேள்விக்குப் பதில் தராது. "ஏன் இன்னும் மாத்தலை?"ன்னு எழுதினா, அது ஆவணம் கேட்குற மனுவே இல்லைன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. "எம்.இ. சம்பந்தமா இருக்குற எல்லாம்"னு எழுதினா அதுவும் ஆகாது. துறையோட வேலையையே நியாயமில்லாத அளவுக்குத் திசைதிருப்பும்னு 45ஆம் பிரிவைக் காட்டி மறுக்க வழி கிடைச்சிடும்.

அப்போ எப்படி எழுதணும்? இங்கிலீஷ்லதான் எழுதுவீங்க, பொருளை நான் தமிழ்ல சொல்றேன். "2021 அக்டோபர் 29 முதல் இந்த மனு கிடைக்கும் நாள் வரை, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல் கமிட்டி, அதன் நிபுணர் குழுக்கள், அவற்றின் செயலகம் ஆகியவை வைத்திருக்கும் ஆவணங்களில், மயால்ஜிக் என்செஃபலோமைலிடிஸ் அல்லது குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம் பற்றிய பரிந்துரையைச் சேர்ப்பது, திருத்துவது, நீக்குவது, சேர்க்க மறுப்பது தொடர்பான கூட்ட அஜெண்டா, கூட்டக் குறிப்பு, வெளியிலிருந்து வந்த கோரிக்கைகள், ஆதார ஆய்வுகள், வரைவுக்கு வந்த கருத்துகளும் அவற்றுக்கான பதில்களும், இறுதி முடிவு." அவ்வளவுதான்.

இந்த வாசகத்துல ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கு. தேதி எதுக்குன்னா, நைஸ் மாத்தின நாள்ல இருந்து இங்க யாராவது அதைக் கவனிச்சாங்களாங்கிறதுதான் நம்ம கேள்வி. 2000ல இருந்து கேட்டா மறுக்கச் சுலபம். "திருத்துவது"ன்னு மட்டும் போட்டீங்கன்னா, புத்தகத்துல அந்த நோயே தனியா இல்லாத பட்சத்துல, "திருத்த எதுவும் இல்லை, ஆவணமும் இல்லை"ன்னு உண்மையாவே பதில் வரும். அதான் "சேர்ப்பது, மறுப்பது" ரெண்டையும் போடணும். அப்புறம் தேடும் சொற்கள்னு தனியா ஒரு வரி எழுதுங்க. எம்.இ., சி.எஃப்.எஸ்., போஸ்ட் வைரல் ஃபட்டீக், கிரேடட் எக்ஸர்சைஸ், கூடவே நோய்களுக்கான சர்வதேச எண் பட்டியலான ஐ.சி.டி.-10ல இதோட எண் ஜி93.3. ஏன்னா, ஒரு அதிகாரி இமெயில்ல முழுப்பேரை எழுதியிருக்கவே மாட்டார். வெறும் களைப்புன்னு ஆர்53 எண்ணுல போட்டுடுறாங்க பாருங்க, அந்த எண்ணைச் சேர்க்காதீங்க. ஆயிரக்கணக்குல சம்பந்தமில்லாதது வந்து குவியும், மறுபடியும் 45ஆம் பிரிவு.

ஆவணம்னா பேப்பர் மட்டும் இல்ல. எந்த வடிவத்துல பதிவாகியிருந்தாலும் ஆவணம்தான், இமெயிலும் சேர்த்தி. அதைத் துறையே எழுதியிருக்கணும்னும் இல்ல, அவங்க கையிலயோ கட்டுப்பாட்டிலயோ இருந்தா போதும். வெளி நிபுணர் எழுதிக் கொடுத்த ஆய்வும் இதுல அடங்கும்.

ஃபார்ம் 2 தான் மனு ஃபார்ம், 2021 விதிகள்ல வந்தது. உங்க விவரம், ஐடி நகல், ஆவண விவரம், எந்த வடிவத்துல வேணும், எந்த வழியில வேணும். ஆவண விவரத்துக்கு விட்டிருக்குற இடம் சின்னது. "இணைப்பு ஏ பார்க்கவும்"னு எழுதி, மேல சொன்ன வாசகத்தைத் தனிப் பக்கத்துல வச்சுடுங்க. வடிவம் கேட்குற இடத்துல மின்னணு நகல், இமெயில் வழியான்னு போடுங்க, நகல் கட்டணம் குறையும். மனுக் கட்டணம் அரசு அமைப்புக்கு 100 ரேண்ட். தேடி எடுக்குறதுக்கு முதல் மணி நேரம் போக மணிக்கு 100, மொத்தம் 300க்கு மேல போகாது. குறைஞ்ச வருமானம் உள்ளவங்களுக்கு விலக்கு உண்டு, அதைக் கேட்க ஃபார்ம்லயே இடம் இருக்கு. மனு போட்டதும் கட்டணம் கட்டச் சொல்லி ஒரு நோட்டீஸ் வரும். அது ஸ்பாம்ல போய் உட்கார்ந்துட்டா மனு அப்படியே நின்னுடும். துறை தூங்குதுன்னு நாம நினைச்சுக்கிட்டிருப்போம். முதல் ரெண்டு வாரம் தினமும் ஸ்பாமைப் பாருங்க. கிடைச்சதுன்னு ஒரு பதிலும், ஒரு எண்ணும் கேட்டு வாங்கி வைங்க.

பதில் சொல்ல 30 நாள். ஒரே ஒரு தடவை இன்னும் 30 நாள் நீட்டிக்கலாம், அதுக்கும் காரணம் சொல்லி எழுதணும். எதுவுமே வரலைன்னா மறுத்ததாவே சட்டம் எடுத்துக்கும். அந்த நாள்ல இருந்து உங்க மேல்முறையீட்டுக்கான நாள் கணக்கு ஓடும். அதனால காலண்டர்ல குறிச்சு வைங்க.

இப்போ பெரிய தடைக்கு வர்றேன். 44ஆம் பிரிவு. கொள்கை வகுக்கவோ முடிவெடுக்கவோ உதவியா வந்த அபிப்பிராயம், ஆலோசனை, பரிந்துரை, நடந்த விவாதம், இதெல்லாம் இருந்தா மறுக்கலாம்னு சொல்லுது. கூட்டக் குறிப்புன்னு பேர் சொல்லியே சொல்லுது. வழிகாட்டுதல் சம்பந்தமான மனு பெரும்பாலும் இடிச்சு நிக்குற இடம் இதுதான். ஆனா வாசகத்தைக் கவனிங்க. "மறுக்கலாம்"னுதான் இருக்கு, மறுத்தே ஆகணும்னு இல்ல. அதனால மனுவிலேயே முன்கூட்டி மூணு வரி எழுதிடுங்க. ஒண்ணு, ஒரு பகுதி மறுக்கக்கூடியதா இருந்தா அதை மட்டும் மறைச்சு மீதியைக் கொடுங்க, 28ஆம் பிரிவு அதைச் சொல்லுது. ரெண்டு, உறுப்பினர் பேரை மறைச்சுக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். மூணு, மறுத்தா எந்தப் பிரிவுல மறுக்குறீங்கன்னு ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனியா சொல்லுங்க. விஷயம் கோர்ட்டுக்குப் போச்சுன்னா, மறுப்பு சரின்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவங்களோடது, உங்களோடது இல்ல. நான் அஜெண்டா, வெளியிலிருந்து வந்த கோரிக்கை, இறுதி முடிவுன்னு தனித்தனியா பிரிச்சு வச்சதும் இதுக்குத்தான். கூட்டக் குறிப்பு போனாலும் அஜெண்டா கிடைக்கும். அஜெண்டாவுல இந்த நோய் ஒரு தடவையாவது வந்துச்சான்னு தெரிஞ்சாலே பாதி விஷயம் வெளிச்சத்துக்கு வந்துடும்.

"அப்படி ஆவணமே இல்லை"ன்னு பதில் வந்தா சோர்ந்து போயிடாதீங்க அம்மா. 23ஆம் பிரிவுப்படி அதைச் சும்மா லெட்டர்ல சொல்ல முடியாது. எங்கெங்க தேடினோம், யார்கிட்ட கேட்டோம்னு விவரமா எழுதின பிரமாணப் பத்திரம் தரணும். தரலைன்னா கேட்டு வாங்குங்க. இங்கிலாந்து மாத்தி இத்தனை வருஷம் ஆகியும் இங்க ஒரு தாள் கூட இல்லைன்னு சத்தியம் பண்ணின பேப்பர், அடுத்து அந்த அத்தியாயம் கருத்துக்கு வரும்போது நீங்க கூட இணைச்சு அனுப்ப வேண்டிய முதல் தாள்.

மறுத்தா, தேசிய, மாகாணத் துறைன்னா உள் மேல்முறையீடு உண்டு. ஃபார்ம் 4, 60 நாளுக்குள்ள. அதுவும் தோத்தா தகவல் ஒழுங்குமுறை ஆணையம், ஃபார்ம் 5, 180 நாளுக்குள்ள. மெடிக்கல் எய்டுங்கிற மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை மேற்பார்க்குற மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சில் மாதிரி சட்டப்படி தனியா அமைஞ்ச அமைப்புகளுக்கு உள் மேல்முறையீடு கிடையாது. அங்க மறுத்தா நேரா ஆணையத்துக்குப் போகலாம். உங்க மெடிக்கல் எய்ட் எந்த விதிப்படி சிகிச்சையை மறுக்குதுன்னு தெரியணும்னா, அதுக்குப் பையாவே வேண்டாம். மெடிக்கல் ஸ்கீம்ஸ் விதி 15எச், கேட்கிற உறுப்பினருக்குச் சிகிச்சை நெறிமுறையைக் கொடுக்கணும்னு சொல்லுது. ஒரு இமெயில் போதும். ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, மெடிக்கல் எய்ட் கட்டாயமா பணம் கொடுக்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியல்ல இந்த நோய் இல்ல.

இந்த நோய்ல ஆவணம் கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு சிலர் கேட்பாங்க. 2011ல லான்செட்ல பேஸ் ஆய்வு வந்துச்சு, உடற்பயிற்சியைக் கூட்டினா நல்லதுன்னு. அதோட மூலத் தரவை இங்கிலாந்தோட தகவல் சட்டத்துல ஒரு நோயாளி கேட்டார். குவீன் மேரி பல்கலைக்கழகம் மறுத்துச்சு. 2015ல தகவல் ஆணையர் கொடுக்கச் சொன்னார், அப்பவும் மேல்முறையீடு. 2016 ஆகஸ்ட்ல தீர்ப்பாயமும் கொடுக்கத்தான் வேணும்னு சொல்லி, செப்டம்பர்ல தரவு வெளிய வந்துச்சு. ஆய்வு தொடங்கும்போது எழுதி வச்சிருந்த அளவுகோல்லயே திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தா, "குணமானவங்க" எண்ணிக்கையில சொன்ன வித்தியாசம் நிக்கலை. அந்த நைஸ்கிட்டயே நீங்களும் இங்க இருந்து கேட்கலாம். அங்க எந்த நாட்டுக்காரரும் இமெயில்ல கேட்கலாம், 20 வேலை நாள்ல பதில். ஆனா என்.ஜி.206க்கு வந்த கருத்துகளும் பதில்களும் அவங்க தளத்துலயே இருக்கு, முதல்ல அதைப் படிங்க. இங்க அத்தியாயம் கருத்துக்கு வரும்போது நீங்க இணைக்க வேண்டிய ஆதாரமும் அங்கயே கிடைக்கும்.

கடைசியா, யார் பேர்ல போடுறதுன்னு கேட்டீங்க. உங்க பேர்லயே போடுங்க அம்மா. கமிட்டி ஆவணம் கேட்க நோயாளியா இருக்கணும்னு இல்ல, எதுக்குக் கேட்குறீங்கன்னு காரணம் சொல்லவும் வேண்டாம், 11ஆம் பிரிவே அதைச் சொல்லுது. அதனால பொண்ணோட மருத்துவ ரிப்போர்ட் எதையும் இணைக்காதீங்க. தேவையே இல்லாம அவங்க விவரம் ஒரு கோப்புல போய் உட்காரும். பொண்ணோட சொந்த ஆஸ்பத்திரி ஃபைல் வேணும்னா மட்டும் பொண்ணு பேர்ல. நீங்க அவங்களுக்காகப் போடுறதா இருந்தா கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் வேணும். பொண்ணே பேசணும்னு ஆசைப்பட்டா, உடல் இயலாமையால எழுத முடியாதவங்க வாய்மொழியா கேட்கலாம், தகவல் அதிகாரி அதை எழுதி ஒரு நகல் தரணும். 18ஆம் பிரிவு. போன்ல பத்து நிமிஷம், அவ்வளவுதான். அதையும் அவங்க உடம்பு தாங்குற நாளாப் பார்த்து வச்சுக்கங்க, அடுத்த ரெண்டு நாளைக்கு வேற வேலை எதுவும் வைக்காதீங்க.