தசை ஸ்லைடில் முதலில் எதைப் பார்ப்பது?

சரி, அடுத்த கேள்வி. "புத்தகப் படத்தில் எலும்புத் தசை, இதயத் தசை, மென்தசை என மூன்று வகைத் தசையும் தெளிவாகப் புரிகிறது. ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எல்லாமே ரோஸ் நிறமாகத்தான் இருக்கிறது, வரி இருக்கிறதா என்பதே தெரியவில்லை. எப்படிப் பிரித்துச் சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் முதலில் வரியை, அதாவது நாரின் குறுக்கே மாறி மாறி ஓடும் கோடுகளைத் தேடுகிறீர்கள், சிக்கல் அங்கேதான். முதலில் உட்கருவைத் தேடுங்கள். ஹெமடாக்சிலின் சாயம் அதை நீல ஊதாவாக எடுத்துக் காட்டுவதால், 10 மடங்கு லென்ஸிலேயே கண்ணில் படும். வரிகள் அப்படியில்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி சுமார் 2 மைக்ரான்தான். 40 மடங்கு லென்ஸுக்குப் போய், கண்டென்சருக்குக் (ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) கீழே உள்ள டயாஃப்ரத்தையும் (ஒளி வரும் துளை) கொஞ்சம் மூட வேண்டும். வெளிச்சம் அதிகமானால் வரி கரைந்துவிடும். பலர் விளக்கைக் கூட்டிக்கொண்டே போய், "இதில் வரியே இல்லை" என்கிறார்கள்!

உட்கரு நாரின் ஓரத்தில், சவ்வை ஒட்டி, வரிசையாகப் பல இருந்தால் அது எலும்புத் தசை. பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவான நார் என்பதால்தான் அத்தனை உட்கருக்கள். உள்ளே முழுக்கச் சுருங்கும் இழைகள் அடைத்துக்கொள்வதால் அவை ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. ஒரே ஒரு நாரில் உட்கரு நடுவில் இருந்தால் குழம்ப வேண்டாம். சேதமாகி மறுபடி வளர்ந்த நாரில் அப்படி இருக்கும். சுற்றியுள்ள நார்களையும் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

உட்கரு நடுவில் இருந்தால் இதயத் தசை அல்லது மென்தசை. இதயத் தசை நார் கிளை பிரிந்து பக்கத்து நாரோடு சேரும். உட்கரு ஒன்று, சில சமயம் இரண்டு, அதன் இரு முனையிலும் வெளிறிய சிறு இடம் இருக்கும். நாரின் குறுக்கே படிக்கட்டு மாதிரி அடர்ந்த கோடு தெரிந்தால் அது இன்டர்காலேட்டட் டிஸ்க், அதாவது இரண்டு இதயத் தசைச் செல்கள் சேரும் இணைப்பு, அப்புறம் சந்தேகமே வேண்டாம். ஆனால் வழக்கமான சாயத்தில் அது மங்கலாகத்தான் தெரியும். அது தெரியவில்லை என்பதற்காக இதயத் தசை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மென்தசையில் வரியே கிடையாது. செல் நடுவில் தடித்து இரு முனையும் கூரான கதிர் வடிவம், உட்கரு நீளமாக இருக்கும். சுருங்கிய நிலையில் இருந்தால் உட்கரு திருகு போல முறுக்கிக்கொண்டிருக்கும், பார்க்கவே அழகு.

இதெல்லாம் நெடுக்கு வெட்டில். உண்மையில் மாட்டிக்கொள்வது குறுக்கு வெட்டில்தான், ஏனென்றால் அங்கே வரி தெரியாது. இருபக்கமும் சீவிய பென்சில்களை முன்னும் பின்னுமாகக் கட்டி, அந்தக் கட்டு முழுவதையும் ஒரே இடத்தில் குறுக்கே அறுத்ததாக நினைத்துப் பாருங்கள். சில இடத்தில் பெரிய வட்டம், சில இடத்தில் சின்னப் புள்ளி. மென்தசை அப்படித்தான். செல்லின் நடுப்பகுதியில் வெட்டு விழுந்த பெரிய வட்டத்தில் மட்டும் உட்கரு இருக்கும், சின்னவை காலியாக இருக்கும். எலும்புத் தசை என்றால் ஏறக்குறைய ஒரே அளவுப் பலகோணங்கள், உட்கருக்கள் ஓரத்தில் புள்ளி வைத்த மாதிரி. இதயத் தசையில் ஒழுங்கற்ற வடிவங்கள், உட்கரு தெரிகிற இடத்தில் அது நடுவில், இடையிடையே நிறைய ரத்த நுண்குழாய்கள்.

இன்னொன்று. ஸ்லைடில் உறுப்பின் பெயரைப் பார்த்துவிட்டுத் தசை வகையைச் சொல்லாதீர்கள். உணவுக்குழாய் என்றதும் மென்தசை என்று எழுதிவிடுவார்கள். அதன் மேல் பகுதியில் இருப்பது எலும்புத் தசை வகை, கீழ்ப் பகுதியில் மென்தசை, நடுப்பகுதியில் இரண்டும் கலந்திருக்கும். அந்த நடுப்பகுதி ஸ்லைடு கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு வகையும் ஒரே சாயத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒப்பிட்டுப் பழக அதைவிட வசதி இல்லை.