அடுத்த காம்பராவுக்கு மூன்று விரல்

[திரை: ஜன்னலோரம் ஒரு பழைய லேப்டாப். வெளியே பனி.]

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் காலையிலிருந்தே மழை. லேப்டாப்பைத் திறந்து கடவுச்சொல்லைக் கொடுக்கிறேன். பாருங்கள், வால்பேப்பர் ஒரு அட்டை மாதிரிச் சுருங்கி நடுவில் நிற்கிறது. மேலே தேடுபெட்டி, கீழே செயலிகளின் வரிசை.

இதுதான் க்னோம். விண்டோஸைப் போல இன்னொரு இயக்குதளமான லினக்ஸில் ஓடும் திறந்த மூல டெஸ்க்டாப் சூழல். 2021 மார்ச்சில் வந்த 40ஆம் பதிப்பில்தான் இந்தத் தோற்றம் வந்தது. அதுவரை பணியிடங்கள், அதாவது சாளரங்களைப் பிரித்து வைக்கும் தனித்தனித் திரைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. செயலிப் பட்டை இடது ஓரத்தில் நின்றது. இரண்டையும் படுக்கவைத்துவிட்டார்கள்.

[திரை: டச்பேடில் விரல்கள், அருகில்]

மூன்று விரலை வைத்து இடப்பக்கம் தள்ளுகிறேன். பாடக்குறிப்பு நகர, பிரவுசர் வருகிறது. பாதியில் நிறுத்தினால் இரண்டும் பாதி பாதியாக நிற்கும். விரல் போன தூரம்தான் திரையும் போகும்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே கூரை, வரிசையாகக் காம்பராக்கள் என்ற அறைகள். பணியிடங்களும் அப்படித்தான். முதலாவதில் பாடக்குறிப்பு, அடுத்ததில் பிரவுசர், அதற்கடுத்ததில் கடந்தகால வினாத்தாள். கடைசிக் காம்பராவில் எதையாவது திறந்ததும் அதற்குப் பக்கத்தில் இன்னொரு வெற்றுக் காம்பரா தானாக வந்துவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் குடும்பமே இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

சரி, தமிழ்? அமைப்புகளில் விசைப்பலகைக்குப் போய் ரெங்கநாதன் என்ற தமிழ்த் தட்டச்சு முறையைச் சேர்த்தேன். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்தினால் மொழி மாறும்.

குறையும் உண்டு. வேலை தொடங்கியதும் கீழ்ப்பட்டை மறைந்துவிடும். சாளரத்தைச் சுருக்கும் பொத்தானும் இல்லை. வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை, “டீச்சர், கீழ இருந்தது எங்க போச்சு?” என்று கேட்டாள். விண்டோஸில் பழகிய கை திரையின் அடியையே தேடியது. ‘டேஷ் டு டாக்’ என்ற நீட்சியை, க்னோமோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலை, போட்டுக் கொடுத்தேன். பட்டை நிலையாக நின்றது. ஆனால் க்னோமின் புதிய பதிப்பு வரும்போது நீட்சிகள் சில நேரம் வேலை செய்யாமல் போகும். புதிதாக வருபவர்களுக்காக அந்தப் பட்டையை க்னோமே நிறுத்தி வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்புறம், 4 ஜிபி ராமில் டேப்களை அளவாகத் திறங்கள். திணறும்.

[திரை: பென் டிரைவ்]

நிறுவாமலே பார்க்கலாம். க்னோமோடு வரும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோராவின் கோப்பு 2 ஜிபிக்கு மேல் வரும். இரவு டேட்டாவில் இறக்கி, பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பை இயக்குங்கள். பார்த்து முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதைக் கொடுங்கள். அவர்கள் டேட்டா மிஞ்சும்.