ஒரு நாள், ஒரே இடம்

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறை வருகிறது. பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் தொடங்கியிருக்கும். அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஒரு நாள் கிடைத்தால் ஒரே இடத்துக்குப் போங்கள். அங்கேயும் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது, தாம்பரத்திலிருந்து காரில் கிளம்பி ஒரே நாளில் தட்சிணசித்திரா அருங்காட்சியகம், முதலைப் பண்ணை, மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் என்று திட்டம் போட்டேன். தட்சிணசித்திராவில் பானை செய்யும் இடத்தில் மண்ணைக் கையில் எடுத்தாள். "நேரமாச்சு, எழுந்திரு" என்று கழுவிவிட்டு வண்டியில் ஏற்றினேன். முதலைப் பண்ணையில் ஒரு முதலை கல் மாதிரி கிடந்தது. அது எப்போது கண் சிமிட்டும் என்று பார்க்க நின்றாள். இழுத்துக்கொண்டு போனேன். ஐந்து ரதத்தின் முன்னால் உச்சி வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தேன். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் பிள்ளை வாந்தி எடுத்துவிட்டாள். மலை ஏறாமலே திரும்பினோம். ராத்திரி என் அம்மா, "என்னடி கண்ணு பார்த்தே?" என்று கேட்டார். "அந்த முதலை கண்ணைச் சிமிட்டுச்சான்னு தெரியல, ஆயா" என்றாள். அந்தப் பதில் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்த பிப்ரவரியில் வேடந்தாங்கல் மட்டும் போனோம். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். புளிசாதம் கட்டிக்கொண்டோம். இந்த முறை அம்மாவையும் அழைத்துப் போனேன். வீட்டில் அதிகம் பேசாதவர். அவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஏரிக்கரையில் நடந்தால் தண்ணீருக்குள் நிற்கிற மரங்கள் எல்லாம் பறவையாக இருக்கும். கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், அரிவாள்மூக்கன். நான் போனில் பெயர்களைத் தேடித் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் ஒரே மரத்தைவிட்டு நகரவில்லை. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் கேட்டாள்: "அப்பா, அந்த நாரைக்கு ஏன் வாய் மூடவே மாட்டேங்குது? வலிக்குதா?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் சொன்னார்: "அது நத்தைக்குத்திடி. நம்ம கழனிக்கு வரும். ஏர் ஓட்டினா பின்னாலேயே நடந்து வந்து நத்தையைப் பொறுக்கும். அதுக்கு அந்த மாதிரி வாய்தான் தோதாம்." அப்புறம் அம்மா நிறுத்தவே இல்லை. நாற்று நட்டது, மடை திறந்தது, நத்தை ஓட்டை மிதித்துக் கால் கிழிந்தது என்று, நாற்பது வருடமாக என்னிடம் சொல்லாததை எல்லாம் பேத்தியிடம் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியது. தாய் நாரை கூட்டின் ஓரத்தில் நின்று இரண்டு இறக்கையையும் குடை மாதிரி விரித்தது. நிழலில் குஞ்சுகள். அப்போதுதான் மகள் கத்தினாள்: "ஆயா, குட்டிக்கு வாய் மூடியிருக்கு!" உண்மைதான். நத்தைக்குத்தி பிறக்கும்போது அலகில் இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் வரும். இதை நான் வீட்டுக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். அவள் அதைக் கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு மணி நேரம் ஒரே மரத்தைப் பார்த்ததால் கிடைத்தது அது.

அந்த ஊரைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அதனால் ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள் என்று சொல்வார்கள். 1790களின் பிற்பகுதியில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் அந்த ஏரிக்குப் பாதுகாப்பு கொடுத்து உத்தரவிட்டார். 2022இல் அந்த இடம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இந்த வருடங்களை எல்லாம் என் மகள் காதில் வாங்கவில்லை. ஊரில் பட்டாசு வெடிக்க மாட்டார்கள் என்றதும் மட்டும் திரும்பினாள். "தீபாவளிக்குமா?" "தீபாவளிக்கும்தான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறை முடிந்து வருகிற பிள்ளையிடம் உடனே 'நான் சென்று வந்த சுற்றுலா' என்று கட்டுரை கேட்காதீர்கள். பார்த்ததை வாயால் சொல்லட்டும். பெற்றோர்களே, நீங்களும் திரும்பி வரும் வழியில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்க வேண்டாம். கட்டுரை எழுத வேண்டுமே என்ற நினைப்பு வந்துவிட்டால் பிள்ளை பறவையைப் பார்க்காது.

வேடந்தாங்கலுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. மழை பொய்த்த வருடம் அங்கே தண்ணீர் இருக்காது, பறவையும் வராது, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கார் இல்லாவிட்டாலும் செங்கல்பட்டு வரை மின்சார ரயில் இருக்கிறது. அந்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொளவாய் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் பிள்ளைக்கு அது ஒரு பயணம்தான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், நடக்க முடிந்தால், விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

போன வாரம் சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அப்பா, அந்தக் குட்டிக்கு இப்போ வாய் திறந்திருக்குமா?" வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அதே மரத்துக்கு. அம்மா இப்போதே புளி கரைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நன்றி, வணக்கம்.