பேச்சுப் பயிற்சிக்குக் குழந்தையுடன் யார் வர வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று பயிற்சிக்கு அழைத்து வரும் குடும்பத்தார் முதல் நாளில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “எத்தனை மாதத்தில் பேசுவான்?” அந்தக் கேள்விக்கு முதல் நாளிலேயே நேர்மையாகப் பதில் சொல்லக் கூடியவர் எவரும் இல்லை. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறொன்று. காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு உறங்கும் வரை இந்தக் குழந்தையுடன் இருப்பவர் யார்? அவர் இன்று வந்திருக்கிறாரா?

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதற்குப் பல நேரங்களில் ‘வரவில்லை’ என்பதே பதிலாக இருக்கிறது. பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கத்து ஊர்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்றுவிட்ட இளம் பெற்றோர் பலர். அவர்களுடைய குழந்தைகள் ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். பெற்றோர் ஊரிலேயே இருந்தாலும், தாய் பூந்தோட்டத்துக்கோ, மாங்கூழ் ஆலைக்கோ, ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கோ போகிறவராக இருப்பார். விடுமுறைக்கு வந்த தந்தை, பைக்கில் முன்னால் உட்கார வைத்துக் குழந்தையை அழைத்து வருவார். பயிற்சி அறையில் விட்டுவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பார். அவருடைய அக்கறையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் குழந்தைக்குச் சோறு ஊட்டுபவரும், குளிப்பாட்டுபவரும், தூங்க வைப்பவரும் வீட்டில் இருக்கிறார்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், குழந்தை பயிற்சியாளர் முன் இருப்பது வாரத்தில் ஒன்றரை மணி நேரம்தான். மொழி அந்த ஒன்றரை மணி நேரத்தில் வளர்ந்துவிடுவதில்லை. ஊட்டும்போதும் உடுத்தும்போதும் ஆட்டுக்குத் தழை போடும்போதும் வளர்கிறது. ஆகவே பயிற்சி நேரத்தில் பாதியை, உடன் வந்திருக்கும் பெரியவருக்குக் கற்றுத் தருவதற்கே நான் செலவிடுகிறேன். பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தும் பயிற்சியாளரைப் பார்த்தால், ஏன் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

எப்போது அழைத்து வர வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதை ஒட்டி ‘அம்மா’, ‘தா’ போன்ற ஓரிரு சொற்கள் வர வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்ப வேண்டும். ஒன்றரை வயதுக்குள் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்கள் கையிருப்பில் இருக்கும். ‘பால் வேணும்’, ‘அப்பா வா’ என இரண்டைச் சேர்த்துச் சொல்லும். மூன்று வயதில் சிறு வாக்கியங்கள் வரும். அயலாருக்கும் பேச்சில் பெரும்பகுதி புரியும். இதில் ஓரிரு மாதம் முன்பின் ஆவது இயல்பு. ‘ர’, ‘ற’, ‘ழ’ போன்ற ஒலிகள் திருந்துவதற்கு நான்கைந்து வயதும் அதற்கு மேலும் ஆகலாம் என்பதால், மூன்று வயதுக் குழந்தை ‘மரம்’ என்பதை ‘மயம்’ என்று சொன்னால் பதற வேண்டியதில்லை. ஆனால், கண்ணைப் பார்க்காத குழந்தை, ஒன்றரை வயதாகியும் எதையும் சுட்டிக் காட்டாத குழந்தை, சொல்லிக்கொண்டிருந்த சொற்களை இழந்துவிட்ட குழந்தை ஆகியோருக்கு ஒரு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது.

“அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்பாவுக்கு அன்று என்ன சிரமம் இருந்தது என்று யாரும் பரிசோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆண் குழந்தைகள் சராசரியாகச் சற்றுப் பின்னால் பேசத் தொடங்குவதும் மெய்தான். ஆனால் அந்த வேறுபாடு ஒன்றிரண்டு மாதக் கணக்கில் அடங்கும். நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்பதும், வசம்பை உரசி நாக்கில் தடவினால் வரும் என்பதும் இன்றும் காதில் விழுகின்றன. நாக்கு ஒட்டியிருந்தால் சில ஒலிகள் தெளியாமல் போகலாம். குழந்தை சொற்களையே பேசாமல் இருப்பதற்கு அது காரணமாவதில்லை. வசம்புக்குப் பேச்சை வரவழைக்கும் ஆற்றல் கிடையாது.

பேச்சுப் பயிற்சிக்கு முன் செய்ய வேண்டியது காது பரிசோதனை. இதை நான் வலியுறுத்தும்போது, “தட்டைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது” என்று சொல்வார்கள். தட்டின் ஓசையும் பஸ் ஹாரனும் மிகுந்த சத்தம் உடையவை. மிதமான செவித்திறன் குறைவு உள்ள குழந்தைக்கும் அவை கேட்டுவிடும். ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய, உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகள்தான் அந்தக் குழந்தைக்குத் தப்பிப் போகும். பேச்சு என்பது அதற்கு இடையிடையே எழுத்து விடுபட்ட சொற்களாக வந்து சேரும். அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் தேங்கினாலும் கேட்கும் திறன் குறையும். கேட்கும் திறனைக் கருவியால் அறியும் ஓ.ஏ.இ., பெரா என்னும் இரண்டு சோதனைகளிலும் ஊசி இல்லை, வலி இல்லை. பெரா சோதனையின்போது குழந்தை தூங்க வேண்டும் என்பதால், அன்று காலையில் அதைத் தூங்க விடாமல் அழைத்து வருவது நல்லது. பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாடு உண்டா என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் காது மிஷினும் பயிற்சியும் என்பதே மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கால அளவு.

இங்கே ஒன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது நம் பகுதியில் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. நெருங்கிய சொந்தத்தில் மணம் புரிந்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிச் செவிக் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுதல். பயிற்சியாளர் இதைக் கேட்பது யாரையும் குற்றம் சாட்டுவதற்காக அல்ல. மறைக்காமல் சொன்னால் எந்தச் சோதனையை முன்னால் செய்வது என்று முடிவெடுக்கலாம். அடுத்த குழந்தைக்குப் பிறந்தவுடனேயே காதைப் பார்த்துவிடலாம். கடுமையான செவிக் குறைபாடு உள்ள, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உட்செவியில் கேட்கும் கருவியைப் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. அந்தக் கருவி ஒலியைக் கொண்டு சேர்க்கும். ஒலி பேச்சாக மாறுவதற்கு அதன்பின் தொடர்ந்து பயிற்சி வேண்டும். அறுவை சிகிச்சையோடு வேலை முடிந்தது என்று எண்ணிப் பயிற்சியை விட்டுவிடும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பயிற்சி அறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். பாலக்கோடு பக்கத்து ஊரிலிருந்து இரண்டரை வயதுப் பேரனை ஒரு பாட்டி அழைத்து வந்திருந்தார். காதில் குறையில்லை, சொன்னது புரிகிறது, பேச்சு மட்டும் இல்லை. மதிய நேரம் என்பதால் கையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. “வீட்டில் ஊட்டுவது போலவே ஊட்டுங்கள்” என்றேன். அவர் கேழ்வரகுக் களியைச் சிறு உருண்டையாகக் கிள்ளிக் கீரைக் குழம்பில் தோய்த்து நீட்டினார். குழந்தை சுவரைப் பார்த்தபடியே வாயைத் திறந்தது. உருண்டை உள்ளே போயிற்று. அது விழுங்கி முடிப்பதற்குள் அடுத்த உருண்டை வாயருகே வந்துவிட்டது. வேண்டும் என்று கேட்கும் தேவையே அந்தக் குழந்தைக்கு ஏற்படவில்லை. அவ்வளவு பாசமாக ஊட்டினார்.

அடுத்த உருண்டையை அவருடைய முகத்துக்கு அருகே பிடித்து, ‘களி’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணும்படி கேட்டுக்கொண்டேன். இரண்டு எண்ணுவதற்குள் அவருடைய கை முன்னால் போய்விட்டது. “புள்ள பசியில இருக்குதும்மா” என்றார். அடுத்த முறை பொறுத்தார். குழந்தை முதலில் கையைப் பார்த்தது. பிறகு பாட்டியின் முகத்தைப் பார்த்தது. ‘அ’ என்று ஓர் ஒலி எழுப்பியது. உடனே உருண்டை வாய்க்குப் போயிற்று. அது சொல் அல்ல என்பது எனக்கும் தெரியும். முகத்தைப் பார்ப்பதும், ஒலி எழுப்பினால் கிடைக்கும் என்று அறிவதும் சொல்லுக்கு முன்னால் வர வேண்டியவை. அந்த வாரம் நான் கொடுத்த வீட்டுப் பாடம் அவ்வளவுதான்: மதியச் சாப்பாட்டில் முதல் பத்து உருண்டைகள். சோற்றைக் காட்டி ஏங்க வைக்கும் முறை அன்று இது. ஐந்து எண்ணியும் ஒலி வரவில்லையென்றால் உருண்டையைக் கொடுத்துவிட வேண்டும்.

குழந்தை பேச வேண்டும் என்ற ஆவலில், “இது என்ன சொல்லு, அது என்ன சொல்லு” என்று நாள் முழுவதும் கேள்வி கேட்பது பயன் தராது. அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்: “ஆடு. ஆடு மேயுது.” சின்ன வாக்கியம், பிறகு சற்று மௌனம். கைப்பேசியைக் கொடுத்து ஊட்டுவதில் உள்ள குறை, அந்த மௌனத்துக்கு அங்கே இடமில்லை என்பதே. திரை குழந்தையின் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு வயது ஆகும்வரை திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஆனால், போன் கொடுத்ததால்தான் ஆட்டிசம் வந்தது என்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் உறவினர்களை நான் ஏற்பதில்லை. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் தொடக்கத்திலேயே அமையும் வேறுபாடு.

ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் தனிக் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், அங்கன்வாடியில் தமிழ். இத்தனை மொழியால்தான் குழந்தை குழம்பிவிட்டதா? இல்லை. பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. தாமதம் உள்ள குழந்தைக்கும் வீட்டு மொழியைப் பறிக்க வேண்டிய தேவையில்லை. எல்லா மொழிகளிலும் குழந்தைக்குத் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ண வேண்டும். சரளமாக வராத ஆங்கிலத்தில், “கம், சிட், ஈட்” என்று கட்டளை மட்டும் இடும் வீட்டைவிட, அவ்வா (பாட்டி) தெலுங்கில் கதை சொல்லும் வீடு குழந்தைக்கு எத்தனையோ மேல்.

திக்கிப் பேசும் குழந்தைக்கு, “மூச்சை இழுத்து நிதானமாகச் சொல்” என்று அறிவுரை சொல்லாமலும், அது தொடங்கிய சொல்லை நீங்கள் முடித்து வைக்காமலும், முழுவதும் கேட்டு முடியுங்கள். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்கும் திக்கு பலருக்குத் தானாகவே நீங்கும்; ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை பேசவே கூச்சப்பட்டாலோ அழைத்து வாருங்கள். பக்கவாதத்தில் பேச்சிழந்த பெரியவர்களுக்கும் இதே பயிற்சித் துறைதான். அவர்களுக்கும் உடனிருப்பவரே முக்கியம். சொல் வாயில் வரவில்லையே தவிர, அறிவு மங்கிவிடவில்லை. அவர் முன்னிலையில் அவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போலப் பேசாதீர்கள்.

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். இத்தனை நாளில் பேச வைக்கிறேன் என்று உறுதி தந்து மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கேட்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையோடு இணைந்த ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் கட்டணமின்றிப் பரிசோதனை நடைபெறுகிறது. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் செவிக் குறைபாடும் பேச்சு, மொழிக் குறைபாடும் ஆட்டிசமும் அடங்கும். மருத்துவர் பரிந்துரைத்தால் சான்றிதழ் பெறுவதில் கூச்சம் வேண்டாம்.

முதல் நாள் வரும்போது பிரசவத்தின்போது மருத்துவமனையில் தந்த சீட்டு, தடுப்பூசி அட்டை, காது பரிசோதனை செய்திருந்தால் அதன் அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். வீட்டில் குழந்தை விளையாடும்போதோ சாப்பிடும்போதோ எடுத்த இரண்டு நிமிட வீடியோவும் இருக்கட்டும். புது இடத்தில் குழந்தை வாயே திறக்காமல் போகலாம். பாட்டியால் பஸ் ஏற முடியாத நிலை என்றால், அவரை வீடியோ அழைப்பிலாவது சேர்த்துக்கொள்ளலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். எந்த மையத்துக்கு, எந்த நாளில் போக வேண்டும் என்று அவர் வழி சொல்வார்.